பின்சில்லு உரசவில்லை என்றாய்

மகன்,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க இன்றைக்கு எனக்கு மனமில்லை. கோபத்தோடு எழுதுகிறேன். கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று சில நாள் பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை. தையல் மெஷினில் இருந்தாலும் அதுதான் நினைவு, குசினிக்குள் நின்றாலும் அதுதான் நினைவு. அதனால் ஆறாமலேயே எழுதுகிறேன். அப்பாவுக்குத் தெரியாது. அவர் கடற்கரைப் பக்கம் நடக்கப் போயிருக்கிறார். திரும்பி வருவதற்குள் எழுதி ஒட்டிவிட வேண்டும்.

போன கிழமை தர்சினி தொலைபேசி எடுத்தாள். உங்கள் கலியாணத்துக்கு எனக்கு என்ன நிறத்தில் சீலை எடுப்பது என்று கேட்கத்தான் எடுத்தாள். நல்ல பிள்ளை. வாய் நிறைய "மாமி, மாமி" என்று கூப்பிடுகிறாள். சீலைக் கதை முடிந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மாமி, நீங்கள் ஆமிக்காரரைக் காருக்குள்ள இருத்திக் குலுக்கின கதையை இவர் விருந்தில சொன்னவர். எல்லாரும் வயிறு நோகச் சிரிச்சம். உண்மையாவே நீங்கள் அப்பிடிச் சொன்னனீங்களோ, எங்கட வீட்டில மெக்கானிக் நான்தான் எண்டு?" என்றாள். நான் "ஓம் பிள்ளை" என்றேன். வேறு என்ன சொல்ல? அவள் இன்னும் சிரித்தாள். போனை வைத்த பிறகும் நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. "தர்சினியோ? என்னவாம்?" என்று அப்பா கேட்டார். சீலை நிறம் என்றேன்.

அடுத்த நாள் நீ அனுப்பிய படம் தபாலில் வந்தது. பனிக்குள் உன் புதுக் கார். நீயும் அவளும் அதில் சாய்ந்துகொண்டு நிற்கிறீர்கள். பின்பக்கத்தில் "அம்மா, சில்லைப் பாருங்கோ" என்று எழுதியிருக்கிறாய். பார்த்தேன். வடிவாய்ப் பார்த்தேன். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஒரு விரல் வைக்க இடமில்லை. அந்த இடத்தில்தான் மகன் எனக்கு இரத்தம் கொதித்தது. இத்தனை வருடம் கழித்தும் அதே அகலச் சில்லு, அதே இடைவெளி, அதே இளிப்பு. அந்தக் கதையை நீ விருந்துகளில் சொல்லித் திரிகிறாய். நான் உனக்குச் சொன்ன பாதியைச் சொல்கிறாய். மற்றப் பாதியை உனக்குச் சொல்லக் கூடாது என்று அப்பா என்னிடம் வாக்கு வாங்கி வைத்திருந்தார். அந்த வாக்கை இப்போது உடைக்கிறேன்.

முதலிலிருந்து வருகிறேன். நீ துறைமுகத்தில் கணக்கெழுதும் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள். பொழுது சாய்ந்தால் ஆமிக்குப் பயந்து எங்கள் லிங்கநகர் முழுக்கக் கேட்டைப் பூட்டிக்கொண்டு அடங்கிக் கிடந்த காலம். உன் வயதுப் பொடியனுக்குப் போக ஒரு இடமில்லை. கடற்கரையில் நின்றால் ஏன் நிற்கிறாய், சந்தியில் நின்றால் ஏன் நிற்கிறாய். உனக்கு இருந்த ஒரே உலகம் அப்பாவின் வெள்ளைக் கார். அப்போதிக்கரி வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு, வீட்டு முன்னறையில் மருந்து கொடுத்துக்கொண்டு, சல்லி, சாம்பல்தீவு ஊர்களுக்கு நோயாளிகளைப் பார்க்கப் போய் வர அவர் வாங்கிய பழைய யப்பான் கார். அதை நீ கழுவுவாய், துடைப்பாய், அதற்குள்ளேயே இருந்து பாட்டுக் கேட்பாய். அதைப் பார்த்து நான் ஒன்றும் சொன்னதில்லை. பாவம், பிள்ளைக்கு வேறு என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

சீமெந்து ஏற்ற வந்த லொறிக்காரன் ஒருவன் கொழும்பிலிருந்து அந்த அலோய் சில்லுகளைக் கொண்டுவந்து தந்தான். உருளையாய், வெள்ளி போல மினுங்கிக்கொண்டு, அகல டயரோடு. காரின் பழைய சில்லுகளை அவனிடமே கொடுத்துவிட்டாய். முன்சில்லு இரண்டும் சிரமமில்லாமல் ஏறின. பின்சில்லுதான் ஏறாது என்று அடம்பிடித்தது. உள்பக்கம் சொக் அப்சோபரில் போய் இடித்தது. முற்றத்தில் மாமரத்துக்குக் கீழே ஜக்கில் காரை நிமிர்த்தி வைத்துவிட்டு நீ குந்தியிருந்து யோசித்தது எனக்கு இப்போதும் தெரிகிறது. நான் மெஷினைத் தூக்கி விறாந்தையில் வைத்துச் சட்டை தைத்துக்கொண்டு உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இரும்பைப் பிடியுங்கோ, இந்தச் சுத்தியலைத் தாருங்கோ என்று இடைக்கிடை என்னைக் கூப்பிட்டாய். வந்தேன், பிடித்தேன். நீ ஒவ்வொன்றையும் எனக்கு விளங்கப்படுத்தினாய். உனக்கு அப்போது கதைக்க ஆள் வேண்டும். அதனால்தான் எனக்கு அந்த வேலை முழுக்கத் தெரியும்.

உள்ளே இடிக்கிறது என்று சில்லுக்குப் பின்னால் ஒரு இரும்புத் தட்டு வைத்து வெளியே தள்ளினாய். வெளியே தள்ளியதும் டயரின் தோள் மட்கார்டின் உள்மடிப்பில் இடித்தது. மடிப்பைச் சுத்தியலால் அடித்து மேலே மடக்கப் பார்த்தாய். துருப்பிடித்த தகரம் மடங்கவில்லை. வாள் எடுத்து அறுத்தாய். அறுத்த இடம் பல்லுப் பல்லாய் நின்றது. அரம் போட்டு ராவிவிடு என்று நான் சொன்னேன். "ஆரம்மா அதுக்குள்ள பாக்கப் போகினம்?" என்றாய். பட்டி பூசி, வெள்ளைப் பெயின்ற் அடித்து மூடினாய். அப்படியும் இடம் காணவில்லை என்று சுருள் கம்பிக்கு நடுவில் ரப்பர்க் கட்டைகளைச் செருகிப் பின்பக்கத்தைத் தூக்கினாய். கார், பின்னால் தூக்கிய பூனை மாதிரி நின்றது. முற்றத்தில் முன்னுக்கும் பின்னுக்கும் ஓட்டிப் பார்த்தாய். சத்தமில்லை. "பாத்தீங்களோ அம்மா!" என்று கையைத் தட்டினாய்.

நான் அன்றைக்கே ஒன்று கேட்டேன். நினைவிருக்கிறதா? "பின்னுக்கு ஆக்கள் இருந்தால் கார் பதியுமெல்லோ? அப்ப என்ன செய்வாய்?" என்று கேட்டேன். எனக்குக் கார் தெரியாது, சட்டை தெரியும். நிற்கும்போது மட்டும் அளவெடுத்துத் தைத்த சட்டை குனிந்தால் கிழியும். நீ சிரித்தாய். "இது சட்டை இல்லை அம்மா" என்றாய்.

சரி, அந்த வயதில் எல்லாப் பொடியன்களும் அப்படித்தான் சொல்வார்கள். அதற்கு எனக்குக் கோபமில்லை. தகரத்தை அறுத்ததற்கும் கோபமில்லை. நான் எதற்குக் கோபப்படுகிறேன் என்பதை நன்றாய் வாசி. அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை நீ கூட்டாளிகளை ஏற்றிக்கொண்டு நிலாவெளிக்குப் போனாய். பின்சீட்டு நிறைய ஆட்கள். போகும் வழி முழுக்க டயர் கத்தியிருக்கிறது. எரிந்த நாற்றம் வந்திருக்கிறது. நீ இறங்கிப் பார்த்திருக்கிறாய். டயரின் பக்கத்தில் கோடு விழுந்திருப்பதைக் கண்டிருக்கிறாய். ரப்பர்க் கட்டையை இன்னும் உள்ளே அடித்துவிட்டு, "அப்பாவிட்டச் சொல்லிப் போடாதேங்கோடா" என்று சொல்லியிருக்கிறாய். நீ வெளிநாடு போன பிறகு உன் கூட்டாளியே வந்து, தலையைக் குனிந்துகொண்டு எனக்கு இதைச் சொன்னான். எனக்குத் தெரியும் என்பது உனக்குத் தெரியாது.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை காலை அப்பா சல்லிக்குப் புறப்பட்டார். தைத்த உடுப்புகள் கொடுக்க இருந்ததால் நானும் வெளிக்கிட்டேன். நீ வேலைக்குப் போகமுதல் துணியால் சில்லைத் துடைத்துக்கொண்டிருந்தாய். அப்பா மருந்துப் பெட்டியைக் காரில் வைத்துவிட்டு உன்னைக் கேட்டார்: "தம்பி, பின்சில்லு ஒண்டும் உரசேல்லையே?" நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இல்லையப்பா. எல்லாம் சரி" என்றாய். நான் பக்கத்தில் நின்றேன். அந்தச் சொல்லை என் காதால் கேட்டேன்.

சல்லியில் அப்பா பார்த்துவந்த பிள்ளைத்தாச்சி வசந்திக்கு வயிற்றுவலி தொடங்கியிருந்தது. தலைப்பிள்ளை. புருசன் கடலுக்குப் போயிருந்தான். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, இங்கே வைத்து ஒன்றும் செய்ய ஏலாது, ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அப்பா சொன்னார். பின்சீட்டில் வசந்தி நடுவில், அவளுடைய தாய் ஒரு பக்கம், மாமியார் ஒரு பக்கம். நான் முன்னுக்கு. கார் புறப்பட்டதுமே பின்னால் ஒரு சத்தம், தகரத்தில் நகத்தால் கீறுகிற மாதிரி. ஒவ்வொரு பள்ளத்துக்கும் சத்தம் கூடியது. "என்ன சத்தமிது?" என்று நான் கேட்டேன். அப்பா சொன்னது இதுதான், ஒரு எழுத்தும் கூட்டாமல் எழுதுகிறேன்: "சில்லில்லை. அவன் உரசாது எண்டு சொன்னவன். வேறை என்னவோ." உன் சொல்லை நம்பித்தான் மகன், அவர் காரை நிறுத்திப் பார்க்கவில்லை. நீ ஓம், கொஞ்சம் உரசுகிறது என்று சொல்லியிருந்தால் அவர் அந்தக் காரில் யாரையும் ஏற்றியிருக்க மாட்டார். மீன் ஏற்றிப் போகிற வான் ஒன்றை மறித்து ஏற்றியிருப்பார்.

டவுனுக்குள் நுழைகிற சோதனைச் சாவடி உனக்குத் தெரியும். மண் நிரப்பிய பீப்பாய்களுக்கு நடுவால் வளைந்து வளைந்து போக வேண்டும், கடைசியில் ஒரு மேடு. அந்த மேட்டில் பின்சில்லு ஏறி இறங்கியது. நீ ராவாமல் விட்ட பல்லு டயரைக் கிழித்தது. வெடித்தது. காருக்குள் இருந்த எனக்கே குண்டு என்றுதான் பட்டது. வெளியில் நின்ற ஆமிக்காரருக்கு எப்படி இருந்திருக்கும்? எல்லாரும் நிலத்தில் விழுந்தார்கள். யாரோ வானத்தைப் பார்த்துச் சுட்டான். பிறகு ஒரே கூச்சல். எங்களை வெளியே இழுத்துப் போட்டார்கள். தாரில் குப்புறப் படு என்றார்கள். நிறைமாதக்காரி எப்படிக் குப்புறப் படுப்பாள்? வசந்தி முழங்காலில் நின்றுகொண்டு வயிற்றைக் கையால் பொத்திக்கொண்டு கத்தினாள். அப்பா எழும்பி அவளுக்குக் குறுக்கே போனார். "டயர்! டயர்! டயர் மாத்தையா!" என்று தெரிந்த எல்லாப் பாசையிலும் சொன்னார். ஒரு பொடியன், உன்னைவிட இளையவனாய் இருப்பான், பயத்தில் அவனுக்கு முகமெல்லாம் வெளிறிப் போயிருந்தது, அவன் கையை விரித்து அப்பாவின் இடது கன்னத்தோடு காதைப் பொத்தி ஒரு அறை அறைந்தான். அப்பா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். அவருடைய கண்ணாடி பீப்பாயடியில் போய் விழுந்தது.

அவர்களுக்குப் பெரியவன் ஒருவன் வந்து டயரைப் பார்த்தான். டயர்தான் என்று விளங்கிக்கொண்டான். அந்த அளவில் விட்டிருப்பார்கள். ஆனால் குனிந்து உள்ளே பார்த்தவன் நிமிரவில்லை. மட்கார்டில் புதுப் பெயின்ற். தட்டிப் பார்த்தான், பட்டி உதிர்ந்தது, வெட்டிய இடம் தெரிந்தது. சில்லுக்குப் பின்னால் இரும்புத் தட்டு. சுருள் கம்பிக்குள் ரப்பர்க் கட்டை. காரின் பின்பக்கத்தை ஏன் தூக்கியிருக்கிறாய், என்ன பாரம் ஏற்ற, அறுத்த இடத்தில் என்ன வைத்திருந்தாய் என்று கேட்டான். நீ வடிவுக்குச் செய்த ஒவ்வொன்றும் அந்த இடத்தில் ஒவ்வொரு குற்றமாய் எழும்பி நின்றது. "இந்த வேலையைச் செய்தது ஆர்?" என்று கேட்டான்.

அப்பா என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு சொன்னார்: "நான்தான் செய்தனான்."

உன்னுடைய அப்பா, ஒரு ஆணி அடிக்கச் சொன்னால் விரலில் அடித்துக்கொள்ளுகிற மனிசன், அவர்தான் அந்தத் தகரத்தை அறுத்தேன் என்று சொன்னார். எப்படிச் செய்தாய் என்று கேட்டான். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஏன் செய்தாய் என்று கேட்டான். அதுவும் தெரியவில்லை. தெரியாததைப் பொய் என்று எடுத்துக்கொண்டார்கள். அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்களை ஒரு மீன்வானில் ஏற்றி ஆசுப்பத்திரிக்கு அனுப்பினார்கள். வசந்திக்கு வயிற்றை வெட்டி எடுத்த பெண்பிள்ளை தப்பியது. அதைக் கேட்டதும் உனக்கு மனம் ஆறலாம். ஆறாதே. அது உன்னால் தப்பிய பிள்ளையில்லை.

நீ ஓடிப்போனதற்கும் எனக்குக் கோபமில்லை. அதையும் எழுதி வைக்கிறேன். "நான் போய்ச் சொல்றன் அம்மா, நான்தான் செய்தனான் எண்டு சொல்றன்" என்று நீ அழுதாய். நான்தான் விடவில்லை. "நீ போனால் ரெண்டு பேரையும் நான் தேட வேணும்" என்று சொல்லி, பெரியம்மாவோடு உன்னைக் கொழும்புக்கு ஏற்றிவிட்டேன். அந்தக் காலத்தில் உன் வயதுப் பிள்ளையை முகாம் வாசலுக்கு அனுப்புகிற தாய் இந்தத் திருகோணமலையில் எவளுமில்லை. அங்கிருந்து நீ கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தாய். நல்லது. உயிரோடு இருக்கிறாய். அதற்காக நான் முத்துமாரிக்குப் பொங்கியிருக்கிறேன்.

நான் முகாம் வாசலுக்குப் போனேன். வெயிலில் நின்றேன். நாளைக்கு வா என்றார்கள். போனேன். நாளைக்கு வா என்றார்கள். போனேன். மற்றப் பெண்களும் அங்கே நின்றார்கள். அவர்களில் சிலருடைய பிள்ளைகள் எங்கே என்று இன்றைக்கும் தெரியாது. அவர்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, என் புருசன் ஒரு அலோய் சில்லுக்காக உள்ளே இருக்கிறார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்தக் கதையில் நீ சிரிக்கிற இடத்துக்கு இந்த வாசல் வழியாய்த்தான் வரவேண்டும் மகன். நீ அதைத் தாண்டிக் குதித்துப் போகிறாய்.

கடைசியில் ஒருநாள் அந்தப் பெரியவன் வாசலுக்கு வந்து, "உங்கட மனிசன் தான் செய்தது எண்டு சொல்லுறார். எப்பிடி எண்டு கேட்டால் முழுசுறார். உண்மையைச் சொல்லச் சொல்லுங்கோ" என்று அரைகுறைத் தமிழில் சொன்னான். எனக்கு அப்போது வந்த சொல் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. "அவர் செய்ததுதான் மாத்தையா. ஆனால் சொல்லிக் குடுத்தது நான். எங்கட வீட்டில மெக்கானிக் நான்தான். அவர் நான் சொன்னதைச் செய்யிறவர், ஏன் எண்டு கேக்கிறேல்லை" என்றேன். அவன் என் சீலையைப் பார்த்தான், கையிலிருந்த தையல் விரல்கூட்டைப் பார்த்தான். கழற்ற மறந்து அதோடேயே வந்திருந்தேன். "அப்ப காட்டுங்கோ" என்றான்.

கார் உள்ளே ஒரு வேம்புக்குக் கீழே நின்றது. சீட்டுகளைக் கிழித்துப் பஞ்சை வெளியே இழுத்துப் போட்டிருந்தார்கள். வலப்பக்கப் பின்சில்லு வெடித்துச் சப்பையாய்க் கிடந்தது. இடப்பக்கம் அப்படியே இருந்தது. நீ எனக்கு விளங்கப்படுத்திய எல்லாவற்றையும் நான் அவனுக்கு விளங்கப்படுத்தினேன். எனக்குத் தெரிந்த சிங்களம் சந்தைச் சிங்களம். சொக் அப்சோபரைத் தொட்டுக் காட்டினேன், இரும்புத் தட்டைக் காட்டினேன், மட்கார்டுக்குள் விரலை விட்டு எவ்வளவு இடம் இருக்கிறது என்று காட்டினேன். "வெறும் காரில் இடிக்காது மாத்தையா. மூன்று பேர் இருந்தால் இடிக்கும். பாக்கப் போறீங்களோ?" என்று கேட்டேன். அங்கே நின்ற மூன்று ஆமிக்காரரைப் பார்த்து, "வாடிவெண்ட, வாடிவெண்ட" என்று, ஏறி இருக்கச் சொல்லிப் பின்சீட்டைக் காட்டினேன். அவர்கள் பெரியவனைப் பார்த்தார்கள். அவன் தலையாட்டினான். துவக்குகளை மரத்தில் சாய்த்துவிட்டு ஏறி இருந்தார்கள். கார் பதிந்தது. விரல் நுழைந்த இடத்தில் நகம் நுழையவில்லை. குலுக்குங்கள் என்று கையால் காட்டினேன். குலுக்கினார்கள். டயர் தகரத்தில் உரசி, கிர் கிர் என்று கத்தியது.

அவர்கள் சிரித்தார்கள். பெரியவனும் சிரித்தான். தன் தம்பியும் வீட்டில் இப்படி ஒரு சில்லோடு பைத்தியம் பிடித்துத் திரிகிறான் என்றான். நீ விருந்தில் சொல்லிச் சிரிக்க வைக்கிற இடம் இதுதான். உள்ளதுதான், அவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவர்கள் சிரித்துக் குலுங்குகிற அந்த நேரம் ஒரு கதவு திறந்து, அப்பாவை யாரோ கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நான் "இஞ்சேருங்கோ" என்று கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டேன். திரும்பவில்லை. அருகில் போய்த் தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பினார்.

இடது காது போய்விட்டது மகன். அந்த அறையோடு உள்ளே கிழிந்து, முகாமுக்குள் சீழ் பிடித்து, வெளியே வரும்போது ஒன்றும் மிஞ்சவில்லை. கேட்காதது ஒரு பங்கு என்றால், அதற்குள் இரவு பகலாய் ஒரு இரைச்சல், சங்கைக் காதில் வைத்தது போல, மற்றக் காதில் கேட்பதையும் அது மூடுகிறது. இதுதான் உனக்குச் சொல்லப்படாத பாதி.

நான் அந்தப் பழைய சில்லுகளைத் தேடிக் கிண்ணியா வரைக்கும் போனேன். லொறிக்காரன் அங்கே ஒரு கடையில் விற்றிருந்தான். கடைக்கார முஸ்லிம் நானா நடந்ததைக் கேட்டுவிட்டு, தோணித்துறை வரைக்கும் தன் வண்டியிலேயே ஏற்றி அனுப்பினார். பழைய சில்லைப் பூட்டியதும், நீ நாள் கணக்காய் முட்டி மோதிய உரசலெல்லாம் ஒரு பின்னேரத்தில் இல்லாமல் போனது. அப்பா மறுபடி சல்லிக்குப் போகத் தொடங்கினார். ஒருநாள் ஒரு தாய் இழுப்பு வந்த குழந்தையைக் கொண்டுவந்தாள். நான் விறாந்தையில் இருந்து பார்த்தேன். அப்பா காதுக்குழாயை மாட்டிக் குழந்தையின் நெஞ்சில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். முதுகில் வைத்தார். கனநேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு குழாயைக் கழற்றிவிட்டு, "ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோ பிள்ளை" என்றார். அவர்கள் போன பிறகு என்னிடம் சொன்னார்: "இரைச்சல் பிள்ளையின்ர நெஞ்சில இருந்து வருதோ, என்ர காதில இருந்து வருதோ எண்டு எனக்குத் தெரியேல்லை." குழாயை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். முன்னறையையும் பூட்டினார். உனக்கு என்ன சொன்னார்? "வயசு போட்டுது தம்பி, வைத்தியம் பாத்தது காணும்" என்று சொன்னார். நீயும் நம்பினாய்.

தொலைபேசியில் அவர் "ஆ? ஆ?" என்று கேட்கும்போதெல்லாம் நீ "லைன் சரியில்லை அப்பா" என்கிறாய். லைன் எப்போதும் சரியாய்த்தான் இருந்தது. என்னோடு கதைக்கும்போது அதே லைன் நல்லாய்த்தானே கேட்கிறது? ஏன் என்று ஒருநாள், ஒரே ஒருநாள், உனக்குக் கேட்கத் தோன்றவில்லை. முகாமுக்குள் அப்பாவுக்கு என்ன நடந்தது என்றும் நீ கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயந்தாய். அன்றைக்குச் சில்லடியில் குனிந்து, கோட்டைக் கண்டும் மூடிவிட்டு வந்த அதே பயம். பட்டி பூசி மூடுகிற பழக்கம் உனக்குத் தகரத்தோடு நிற்கவில்லை.

என் கோபம் முழுக்க உன்மேல்தான் என்று நினைக்காதே. ஒரு டயர் வெடித்ததற்கு ஒரு மனிசனுடைய காதைப் பிடுங்கிய காலத்தின்மேல் எனக்குக் கோபம். கையை விரித்த அந்தப் பொடியன்மேல் கோபம், அவனை அந்த வெயிலில் துவக்கோடு கொண்டுவந்து நிறுத்தியவர்கள்மேல் கோபம். ஆனால் அவர்களுக்கு எழுத என்னிடம் விலாசம் இல்லை. உன்னுடைய விலாசம் இருக்கிறது. அதுவும் தவிர, அவர்கள் யாரும் என்னை அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கவில்லை.

கலியாணம் கட்டப் போகிறாய். தாய் புத்தி சொல்ல வேண்டிய நேரம். என்னிடம் இருப்பது இதுதான். தர்சினி ஒருநாள் உன்னைக் கேட்பாள், ஏதோ சரியில்லையோ என்று. காரைப் பற்றியோ, காசைப் பற்றியோ, உன் மனதைப் பற்றியோ, எதுவாயும் இருக்கலாம். அவள் கேட்கும்போது உனக்குப் பதில் தெரிந்திருக்கும். அந்த நேரம் "எல்லாம் சரி" என்று சொல்லாதே. நிமிர்ந்து அவளைப் பார்த்து, ஓம், உரசுகிறது என்று சொல். அவள் திட்டுவாள், அழுவாள், இரண்டு நாள் கதைக்காமல் இருப்பாள். இருக்கட்டும். உன் சொல்லை நம்பி ஒருவர் வண்டியில் ஏறுவதைவிட அது நல்லது.

இந்த மாதம் முடிய நீங்கள் கலியாணத்துக்காகக் கொழும்புக்கு வருவீர்கள். தாலி கட்டமுதல் நீ தர்சினிக்கு இந்தக் கதையை முழுதாய்ச் சொல்ல வேண்டும். நிலாவெளிக்குப் போன ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்து. நான் அவளுக்குச் சொல்ல மாட்டேன், அது உன் வாயால் வரவேண்டும். நீ சொல்லாவிட்டால் நான் மணவறைப் பக்கம் வரமாட்டேன். பிடிவாதம் என்று நினைத்தால் நினை. உனக்கு என்னைத் தெரியும்.

அப்பா எப்படியும் வருவார். இப்போதே வேட்டியை எடுத்து மடித்து வைத்திருக்கிறார். அவருக்கு உன்மேல் ஒரு நாளும் கோபம் வந்ததில்லை. அதுவும் சேர்த்துத்தான் எனக்குக் கோபம். விருந்தில் யாராவது உன்னைக் கேட்பார்கள், அந்த ஆமிக்காரர் கதையைச் சொல்லு என்று. நீ சொல்வாய். எல்லாரும் சிரிப்பார்கள். அப்பாவுக்குப் பாதிதான் கேட்கும். மற்றவர்களுடைய முகத்தைப் பார்ப்பார், மகன் ஏதோ பகிடி விட்டிருக்கிறான் என்று நினைப்பார், அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் ஏலாது.

அம்மா